பென்சிலில் எழுதிய ‘பேசவும்’

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை செந்தில் போன் செய்தான். நான் ஓய்வு பெற்றபோது எழுந்து வந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவன் அவன்தான். ஐம்பதை நெருங்குகிற ஆள், வீட்டில் கல்யாண வயதில் மகள் இருக்கிறாள். ஆனாலும் என்னிடம் பேசும்போது மட்டும் நேற்றுச் சேர்ந்தவனைப் போலக் குரலைத் தாழ்த்திக்கொள்வான்.

“அண்ணே, குழு வருது. உங்க மாடல் ஃபைல் எங்கண்ணே இருக்கு?”

குழு என்றால் சட்டமன்றக் குழு. எம்.எல்.ஏ.க்கள் சிலர் சேர்ந்து மாவட்டம் மாவட்டமாக வந்து மக்களிடம் மனு வாங்கி விசாரிப்பார்கள். ஓரிரு இடங்களை நேரில் போய்ப் பார்ப்பார்கள். பிறகு சபையில் அறிக்கை வைப்பார்கள். அவர்கள் வருகிறார்கள் என்றால் எங்களைப் போன்ற அலுவலகங்களில் கல்யாண வீட்டு அமளிதான். எத்தனை நாற்காலி, யார் எங்கே உட்காருவது, எந்த மனு எத்தனையாவது, எந்த வண்டி எத்தனை மணிக்கு எங்கே நிற்பது என்று அத்தனையும் ஒரே கோப்பில் இருக்கும்படி பல வருடங்களுக்கு முன் நான் ஒன்று தயாரித்தேன். அதற்குப் பிறகு வந்த எல்லாக் குழுவுக்கும் அதைப் பார்த்துத்தான் ஏற்பாடு செய்கிறார்கள். மாடல் ஃபைல் என்பது அதுதான்.

“மூணாவது பீரோ, மேல இருந்து ரெண்டாவது தட்டு. செவப்பு நாடா கட்டியிருக்கும்” என்றேன்.

பத்து நிமிடத்தில் மறுபடி கூப்பிட்டான். கிடைத்துவிட்டதாம். “அம்புட்டும் அப்படியே இருக்குண்ணே. ஒரு தாள் போகல. நீங்க தெய்வம்ணே” என்றான். ஐந்து வேளை தொழுகிறவனிடம் சொல்லக்கூடாத வார்த்தை. சந்தோஷத்தில் சொல்கிறான் என்று விட்டுவிட்டேன்.

போனை வைத்தேன். அந்தக் கோப்பின் அடியில் என்ன கட்டி வைத்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஓய்வூதியர் சங்கத்தில் ஆண்டு மலருக்கு ‘இனிமையான பணி நினைவு’ ஒன்று எழுதித் தரச் சொல்லி இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார்கள். இதுதான் என் நினைவு. இனிமை கிடையாது. போட்டால் போடட்டும்.

ஆபீசில் என்னை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். ஷாகுல் என்ற பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. அத்தா மதுரையின் பழைய நகரத்தில் பள்ளிவாசலுக்குப் பின்னால் டிரங்குப் பெட்டி செய்து விற்றவர். எங்கள் வீட்டில் தகரம் தட்டப் போகாத முதல் ஆள் நான். பரீட்சை எழுதி இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். முதல் சில வருடங்கள் தபால் பதிந்ததையும் தட்டச்சு செய்ததையும் தவிரச் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் பிரிவில் எல்லார் வாயிலும் இரண்டு வாக்கியங்கள் புழங்கும். ஒன்று, எழுதாதது நடக்காதது. இரண்டு, தாளைக் கிழிக்காதே, தப்பான தாளானாலும் குறுக்கே கோடு போட்டு அடியில் கட்டு. இந்த இரண்டையும் வைத்தே என் சர்வீஸை ஓட்டிவிட்டேன்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தபோது ஆபீசில் பாதிப் பேர் பயந்தார்கள், பாதிப் பேர் சிரித்தார்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முழுவதையும் படித்தேன். அதில் ஒரு வரி என்னை எழுந்து நடக்க வைத்தது. நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்த மனிதருக்கும் மறுக்கக் கூடாது என்றது அந்த வரி. அப்படியானால் சபையில் எம்.எல்.ஏ. கேட்டால் நான் எழுந்து நின்று சொல்ல வேண்டியதை, பரவை மார்க்கெட்டில் வெங்காயம் புடைக்கிற பெண் கேட்டாலும் சொல்ல வேண்டும். அந்த வரியைத் தட்டச்சு செய்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். கொஞ்ச நாளில் என்னையே பொதுத் தகவல் அலுவலராகவும் போட்டார்கள். இப்போது அந்த வரியைச் சட்டத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். மேஜைக் கண்ணாடி மாற்றியபோது தாளையும் எடுத்துப் போட்டாயிற்று என்று செந்தில் சாதாரணமாகச் சொன்னான்.

எங்கள் அதிகாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். கத்தாத மனிதர். பியூனைக்கூட ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுவார். சட்டைப் பையில் பச்சை மைப் பேனா ஒன்றும், பென்சில் ஒன்றும் இருக்கும். பேனாவை அவர் எடுத்து நான் பார்த்தது குறைவு. பென்சிலை பிளேடால் தானே சீவிக்கொள்வார். சிக்கலான கோப்பு எது போனாலும் ஓரத்தில் பென்சிலால் ‘பேசவும்’ என்று ஒரே ஒரு வார்த்தை எழுதித் திருப்பி அனுப்புவார். கோப்பைத் தூக்கிக்கொண்டு நாம் அவர் அறைக்குப் போக வேண்டும். அவர் கதவைச் சாத்தச் சொல்வார். இரண்டு மூன்று கேள்வி கேட்பார். இப்படிச் செய், அப்படிச் செய் என்று ஒருநாளும் சொன்னதில்லை, கேள்விதான் கேட்பார். நமக்கு என்ன செய்ய வேண்டுமென்று புரிந்ததும், பழைய மாத்திரை டப்பாவிலிருந்து ரப்பரை எடுத்து ‘பேசவும்’ என்ற வார்த்தையை அழித்து, துகளை வாயால் ஊதிவிட்டு, கோப்பை இரண்டு கையாலும் நம்மிடம் கொடுப்பார். வெளியே வரும்போது கோப்பில் அவர் எழுத்து ஒன்றும் இருக்காது. நம் எழுத்து மட்டும்தான் இருக்கும். எழுதாதது நடக்காதது என்ற வாக்கியத்தை எங்கள் எல்லாரையும்விட நன்றாகப் புரிந்துவைத்திருந்தவர் அவர்தான்.

இனி பேச்சியம்மாள். பரவை தாண்டிச் சோழவந்தான் போகிற பக்கம் ஓர் ஊர். அங்கே இரண்டு கண்மாய்கள் உண்டு. பெரிய கண்மாய் தார் ரோட்டை ஒட்டி இருக்கிறது. சின்னக் கண்மாய் உள்ளே, மண் பாதையில் ஒன்றரைக் கிலோமீட்டர் போக வேண்டும். சின்னக் கண்மாய் நிறைந்தால்தான் அதன் கீழ் இருக்கிற கிணறுகள் ஊறும், கிணறு ஊறினால்தான் வெற்றிலைக் கொடிக்கால் நிற்கும். பேச்சியம்மாளுக்கு அங்கே அரை ஏக்கர் கொடிக்கால் குத்தகைக்கு இருந்தது. புருஷன் இல்லை. அகத்தியில் கொடி ஏற்றிக் கட்டுவதிலிருந்து, வெற்றிலை கிள்ளி அடுக்குவது வரை அவளே செய்வாள். வெற்றிலைக்கொடிக்குத் தாகம் தாங்காது. நெல்லைப் போலக் காத்திருக்கச் சொல்ல முடியாது.

சின்னக் கண்மாய்க்குத் தண்ணீர் வருகிற கால்வாயை மறித்து ஒருவர் கிடங்கு கட்டிவிட்டார். அதற்கு ஆட்சேபணை இல்லை என்று சான்று கொடுத்தது எங்கள் அலுவலகம். இடத்தைப் போய்ப் பார்க்காமலே கொடுத்திருந்தார்கள். இரண்டு மழைக்காலம் கண்மாய்க்குச் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. பேச்சியம்மாள் எங்களிடம் மனு கொடுத்துக் கொடுத்து ஓய்ந்து, கடைசியில் சட்டமன்றக் குழு வருகிறது என்று கேள்விப்பட்டு அதற்கு மனு போட்டாள்.

குழு விசாரணை எப்படி நடக்கும் என்று பலருக்குத் தெரியாது. மனுதாரர்கள் வராந்தாவில் டோக்கனோடு நிற்பார்கள். குழுவினர் வந்து உட்கார்ந்ததும் பத்திரிகைக்காரர்களை உள்ளே விடுவோம். சால்வை, பூங்கொத்து, போட்டோ. ஐந்து நிமிடம் ஆனதும் ‘பத்திரிகை நண்பர்கள் வெளியே இருக்கலாம்’ என்று மைக்கில் சொல்வது என் வேலை. அவர்கள் போனதும் கதவைச் சாத்துவதும் என் வேலைதான். அதற்குப் பிறகு உள்ளே பேசுவது, அறிக்கை சபைக்கு வரும் வரை யாருக்கும் தெரியக் கூடாது. விதி அப்படி. மனுதாரரைக் கூப்பிட்டால் உள்ளே வந்து தன் பங்கைச் சொல்லிவிட்டு வெளியே போய்விட வேண்டும். அவர் போன பிறகு அவரைப் பற்றி அதிகாரிகள் என்ன சொன்னார்கள் என்று அவருக்குத் தெரியாது. பொய் சொல்லியிருந்தாலும் மறுத்துப் பேச அவர் அங்கே இருக்க மாட்டார். சபை நடப்பதையே டி.வி.யில் காட்டுகிறார்கள், வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே பார்க்கிறோம். தன் கண்மாயைப் பற்றிப் பேசுகிற அறையில் மட்டும் பேச்சியம்மாளுக்கு இடமில்லை.

அவளுடைய மனுவைக் குழு நன்றாகவே கேட்டது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். தலைவர் பெரிய வார்த்தை பேசாதவர். “நாளைக்குக் காலையில வந்து பாக்குறோம்மா” என்று அவளிடம் சொன்னார். பயணத் திட்டத்தில் சின்னக் கண்மாயைச் சேர்த்து நான் அன்றே தட்டச்சு செய்து அதிகாரிக்கு அனுப்பினேன். கால் மணி நேரத்தில் கோப்பு திரும்பி வந்தது. ஓரத்தில் பென்சில். பேசவும்.

போனேன். கதவைச் சாத்தினேன்.

“சின்னக் கண்மாய்க்குப் பாதை எப்படிங்க பாய்?”

“மண் பாதை சார். ஜீப் போகும். கார் போறது கஷ்டம்.”

“எட்டு காருல வாராங்க. எம்புட்டு நேரம் ஆகுங்க?”

“முக்கா மணி நேரம் சார்.”

“பெரிய கண்மாய் ரோட்டு மேலயே இருக்குல்லங்க?”

“இருக்கு சார்.”

அவ்வளவுதான். ரப்பரை எடுத்தார், அழித்தார், ஊதினார். கோப்பை இரண்டு கையாலும் கொடுத்தார். அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சார், மனு சின்னக் கண்மாயைப் பற்றியது என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. சொல்லவில்லை. அடுத்த மாதம் என் பதவி உயர்வுப் பட்டியல் அவர் மேஜைக்குப் போக வேண்டியிருந்தது. இதை இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை.

திரும்பி வந்து புதுத் தாள் போட்டுப் பெரிய கண்மாய் என்று தட்டச்சு செய்தேன். சின்னக் கண்மாய் இருந்த பழைய தாளைக் கிழிக்கவில்லை. குறுக்கே கோடு போட்டு, ரத்து என்று எழுதி, கோப்பின் அடியில் கட்டினேன். பின்னால் எல்லாரும் மாடல் ஃபைல் என்று கொண்டாடியது இந்தக் கோப்பைத்தான். அயோக்கியத்தனம் செய்யும்போதும் ஒழுங்காகச் செய்தேன்.

மறுநாள் எட்டுக் கார்களும் பெரிய கண்மாய்க் கரையில் நின்றன. மடையில் தண்ணீர் சளசளவென்று ஓடியது. எங்கள் ஆட்கள் கரையில் கருவேல முள்ளெல்லாம் வெட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருந்தார்கள். தலைவர் தண்ணீரைப் பார்த்தார், கையிலிருந்த மனுவைப் பார்த்தார். “இதுதானா அந்தக் கண்மாய்?” என்று கேட்டார். அவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. எங்கள் அதிகாரி, “ஆமாங்கய்யா” என்றார். நான் அவருக்குப் பின்னால் கோப்போடு நின்றேன். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்காததற்கு அல்ஹம்துலில்லாஹ் என்று மனதுக்குள் சொன்னேன். எதற்கெல்லாம் இறைவனுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன் என்று நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

அதே நேரத்தில் சின்னக் கண்மாயின் காய்ந்த கரையில் பேச்சியம்மாளும் ஊர்க்காரர்கள் இருபது பேரும் காலை ஏழு மணியிலிருந்து நின்றிருக்கிறார்கள். வருகிறவர்களுக்குக் கொடுக்கத் தன் கொடிக்காலில் கிள்ளிய வெற்றிலை இரண்டு கவுளியைத் தாம்பாளத்தில் வைத்து ஈரத்துணி போட்டு மூடி வைத்திருந்தாளாம். மூன்று மணிக்குத் துணி காய்ந்த பிறகுதான் கலைந்து போயிருக்கிறார்கள்.

சில மாதம் கழித்து அறிக்கை சபையில் வைக்கப்பட்டது. மனுவில் கண்ட கண்மாயைக் குழு நேரில் பார்வையிட்டது, மடையில் நீர் ஓடுகிறது, மேல் நடவடிக்கை தேவையில்லை என்று மூன்று வரிகள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள், நாங்கள் ஒரு கண்மாயையே மறைத்துவிட்டோம்.

அறிக்கையை யாரோ படித்துக் காட்ட, பேச்சியம்மாள் தகவல் உரிமை மனுவோடு என் மேஜைக்கு வந்தாள். கேட்டது இரண்டே இரண்டு தாள். அன்றைய பயணத் திட்டத்தின் நகல் ஒன்று, எங்கள் ஆபீஸ் வண்டி எங்கெங்கே போனது என்று எழுதுகிற லாக் புக்கில் அன்றைய பக்கத்தின் நகல் ஒன்று. வக்கீல்கூட இவ்வளவு சரியாகக் கேட்டிருக்க மாட்டார்.

“அண்ணே, நான் யாரையும் குத்தம் சொல்ல வரல. அவுங்க எங்க நின்னாங்கன்னு ஒரு தாள்ல இருக்கும்ல. அதை மட்டும் குடுங்க. எங்க நின்னாங்கன்னு தெரிஞ்சா போதும், மிச்சத்த அவுங்கட்டயே நான் கேட்டுக்குறேன்” என்றாள்.

இரண்டும் எனக்குப் பின்னால் இருந்த பீரோவில் இருந்தன. எழுந்து எடுத்தால் ஒரு நிமிட வேலை. மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அந்த வரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் மனுவைக் கோப்பில் வைத்து அதிகாரிக்கு அனுப்பினேன். பென்சில் வந்தது.

“குழு யாருதுங்க பாய்?” என்று கேட்டார்.

“சட்டமன்றத்துது சார்.”

“அப்ப அதைப் பத்தின தகவலும் அவுங்களுதுதானேங்க?”

ரப்பர். ஊதல். இரண்டு கை.

வேறு அலுவலகத்திடம் இருக்கிற தகவலைக் கேட்டால், மனுவை ஐந்து நாளுக்குள் அங்கே மாற்றி அனுப்ப வேண்டும் என்று சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. ஏழை எளியவர் தப்பான கதவைத் தட்டினால் அலையக் கூடாது என்று நல்ல மனதோடு எழுதிய பிரிவு. அதைத் தூக்கிப் போடுகிற பிரிவாக ஆக்கியவன் நான். ஒரு கடிதம் தயாரித்தேன். ‘கோரப்படும் தகவல் மாண்பமை பேரவையின் உரிமைக்கு உட்பட்டதாகையால், தங்கள் மனு உரிய இடத்துக்குப் பணிவுடன் மாற்றி அனுப்பப்படுகிறது.’ மாற்றி அனுப்புகிற கடிதத்தில் ‘பணிவுடன்’ என்று யாரும் எழுத மாட்டார்கள். அது என் கைவண்ணம். எழுதிவிட்டு, நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

சட்டமன்றத்தின் பக்கமிருந்து வந்த பதில், குழுவின் ஆவணங்களைத் தந்தால் சபையின் உரிமை மீறலாகும் என்றது. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. குழு நடவடிக்கை என்று எழுதி அனுப்பினால் அவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். எங்கள் வண்டியின் லாக் புக் எங்கள் பீரோவில் தூங்குவது அவர்களுக்கு எப்படித் தெரியும்? எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். உரிமை மீறல் என்றால் என்ன? மக்கள் தேர்ந்தெடுத்த குழு கரையில் நின்று ‘இதுதானா’ என்று கேட்கும்போது, இல்லாததை ஆமாம் என்று சொன்னோமே, அதுதான் உரிமை மீறல். சபையை ஏமாற்றிய நாங்கள், அந்த ஏமாற்றை மறைக்கச் சபையின் உரிமையையே போர்வையாகப் போர்த்திக்கொண்டோம். கதவைச் சாத்தியது சபையைக் காப்பாற்றுவதற்கு என்று சொல்கிறார்கள். சாத்திய கதவுக்குள்ளே முதலில் ஏமாந்தது சபைதான். கதவைத் திறந்து வைத்துப் பயணத் திட்டத்தை எல்லார் முன்னாலும் வாசித்திருந்தால், வராந்தாவில் நின்ற ஒரு பொம்பளை, ‘அய்யா, அது வேற கண்மாய்’ என்று ஒரே குரலில் சொல்லியிருப்பாள். எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும்.

அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு பேச்சியம்மாள் கடைசியாக ஒரு தடவை வந்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்து, பியூனை அருகில் நிற்கச் சொல்லியிருந்தேன். அவள் தாளை என் மேஜையில் வைத்தாள். மேல்முறையீடு செய்யலாம்மா, முப்பது நாள் டயம் இருக்கு என்று நான் சட்டம் பேசினேன்.

“நீங்க அன்னிக்கு அங்க நின்னீங்கள்லண்ணே. பெரிய கம்மாக் கரையில ஆடு மேச்சவுங்க பாத்திருக்காங்க. பொய் சொன்னாக்கூட மனசு ஆறிப் போயிரும். தெரியாத மாதிரி உக்காந்திருக்கீங்களே” என்றாள்.

எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. தகவல் உரிமை மனு ஒன்றுகூட நிலுவையில் இல்லாத அலுவலகம் என்று எங்களுக்குப் பாராட்டும் கிடைத்தது. நிலுவை எப்படி இருக்கும்? எல்லாவற்றையும் பணிவுடன் மாற்றி அனுப்பிவிட்டோமே. பேச்சியம்மாளின் கொடிக்கால் அந்தக் கோடையில் காய்ந்தது. அவள் கப்பலூரில் ஒரு சாக்குப்பைக் கம்பெனிக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். நான் ஓய்வு பெற்ற அன்று சால்வை போட்டுப் பேசியவர்கள் எல்லாரும் மாடல் ஃபைலைத்தான் பாராட்டினார்கள். அடியில் என்ன இருக்கிறது என்று ஒருவர்கூடப் பிரித்துப் பார்த்திருக்கவில்லை.

செந்தில் போன் செய்த மறுநாள், நான் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி, என் பழைய அலுவலகத்துக்கே தகவல் உரிமை மனு போட்டேன். கேட்டது அதே இரண்டு தாள். குழு திரும்ப வருகிறது, கிடங்கு அப்படியே நிற்கிறது, கண்மாயின் கீழே இன்னும் பதினைந்து குடும்பம் கிணற்றை ஆழப்படுத்தி ஆழப்படுத்தி விவசாயம் பார்க்கிறது. ஏற்கெனவே தீர்ந்ததாகச் சொன்ன மனுவைச் சும்மா திறக்க மாட்டார்கள். அந்த இரண்டு தாள் கையில் இருந்தால் திறந்துதான் ஆக வேண்டும்.

ஐந்தாம் நாள் பதில் வந்தது. கையெழுத்து செந்தில். உறையைப் பிரித்ததும் முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ‘மாண்பமை பேரவையின் உரிமைக்கு உட்பட்டதாகையால், தங்கள் மனு உரிய இடத்துக்குப் பணிவுடன் மாற்றி அனுப்பப்படுகிறது.’ ஒரு எழுத்து மாறவில்லை. அந்தக் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு நன்றி சொன்னவன்தான் இதில் கையெழுத்துப் போட்டிருக்கிறான். அவனைத் திட்டுவதற்குப் போனை எடுத்தேன், வைத்துவிட்டேன். அவனுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது யார்? என் கடிதம்தான்.

பேச்சியம்மாளைப் பார்க்கக் கப்பலூர் போனேன். கம்பெனி வாசலில் ஷிஃப்ட் முடிந்து வந்தாள். தலை நரைத்துவிட்டது, உடையில் சணல் தூசி. என்னை அடையாளம் தெரிந்தது. குழுவிடம் கொடுக்கப் போகிற புது மனுவில் அவள் கையெழுத்து வேண்டும் என்றேன். நான் செய்ததையும் சொன்னேன், எதையும் விடவில்லை. அவள் நடப்பதை நிறுத்தாமலே கேட்டாள்.

“என் பேரு வேணாம்ணே. என் பேருல போட்டு என்னத்தக் கண்டேன். உங்க பேருல போடுங்க. அன்னிக்கு அங்க நின்னது நீங்கதானே” என்றாள். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

அவள் சொன்னபடியே போட்டேன். முன்பு வந்த குழுவுக்குப் பொய்யான இடத்தைக் காட்டிய பயணத் திட்டத்தைத் தட்டச்சு செய்தவன் நான், முதல் தாளும் மாற்றிய தாளும் இந்த பீரோவில் இந்தத் தட்டில் இருக்கின்றன, என்மேல் உரிமை மீறல் நடவடிக்கை எடுங்கள் என்று எழுதினேன். பென்ஷனுக்கு என்ன ஆகும் என்று என் மனைவி கேட்டாள். நான் எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டேன்.

போன வாரம் குழு வந்தது. நான் எத்தனையோ தடவை ஆட்களை ஒழுங்குபடுத்திய அதே வராந்தாவில், டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றேன். என் நம்பர் முப்பத்தொன்று. ஏழெட்டுப் பேர் உள்ளே போய் வந்த பிறகு, பின்னால் பெஞ்சில் பேச்சியம்மாள் வந்து உட்கார்ந்தாள். மனு கொண்டு வரவில்லை. “லீவு போட்டுட்டு வந்தேன். எங்க நிக்கிறீங்கன்னு பாக்கணும்ல” என்றாள்.

என் முறை வந்து உள்ளே போனதையும், அங்கே நான் சொன்னதையும், அவர்கள் சொன்னதையும் இங்கே எழுத முடியாது. அறிக்கை வரும் வரை அது ரகசியம், நான் காத்த அதே ரகசியம். உள்ளே போவதற்கு முன்னால் வராந்தாவில் நடந்ததை எழுத எந்தச் சட்டமும் என்னைத் தடுக்காது.

செந்தில் என்னை வரிசையில் பார்த்துவிட்டு ஓடி வந்தான். நீங்க ஏண்ணே இங்க நிக்கிறீங்க, உள்ள வந்து டீ சாப்பிடுங்க என்றான். மனுவைக் கையில் கொடுத்தேன். முதல் பக்கத்தைப் படித்தான், இரண்டாம் பக்கத்தைப் படித்தான். முகம் வெளுத்துவிட்டது. அதை எடுத்துக்கொண்டு அதிகாரியின் அறைக்குள் போனான். இப்போது இருக்கிற அதிகாரி புதியவர், நான் பார்த்தது கிடையாது. நல்லவராகவே இருக்கலாம். கொஞ்ச நேரத்தில் செந்தில் வெளியே வந்தான். மனுவை என்னிடம் நீட்டினான். ஓரத்தைப் பார்த்தேன். பென்சில் இல்லை, மனு சுத்தமாக இருந்தது. வாயாலேயே சொல்லி அனுப்பியிருக்கிறார்.

“அண்ணே, சார் உங்கள உள்ள வந்து பேசச் சொல்றாரு. கதவச் சாத்திட்டு அஞ்சு நிமிசம் பேசினா எல்லாம் சரியாயிரும்னு சொல்றாரு.”

பெஞ்சில் இருந்த பேச்சியம்மாள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பேசுறதுக்கு ஒண்ணுமில்ல செந்தில்” என்றேன். “சொல்ல வேண்டியத எழுதித் தரச் சொல்லு. பேனாவுல.”